கவ்வாத்தும் கவாத்தும்

மச்சான் முனியாண்டி பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றபோது அவர் தோளில் என் மரம் இருந்தது.

சாக்கைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டி, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல ஒரு கையால் அணைத்திருந்தார். மற்றக் கையில் ஒரு உரப்பை. முழங்கால் வரை சேறு. இடுப்பில் கத்தி இல்லை. அந்த மனிதரைக் கத்தி இல்லாமல் நான் பார்த்தது அவருடைய கல்யாணத்தன்றும் அன்றும்தான்.

அவர் உள்ளே வருவதற்கு முன்பே மரத்தின் வாசனை வந்துவிட்டது. தடிமன் பிடித்தால் ஆவி பிடிக்கிறோமே, அந்த இலை வாசனை. அதுவரை பினாயிலும் ஈரச் சப்பாத்தும் மட்டும் மணத்துக்கொண்டிருந்த ஸ்டேஷன் அது.

நான் கூண்டுக்குள் இருந்தேன். பின்னேரம் என்னைக் கொழும்புக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. வடக்கில் சண்டை நடந்த காலம். அப்படி அனுப்பப்பட்ட தமிழ் ஆள் எப்போது திரும்பி வருவான் என்று அனுப்புகிறவனுக்கே தெரியாது. ஒரு கிழமையிலும் வரலாம், ஒரு வருடத்திலும் வரலாம். எங்கள் பக்கத்திலிருந்து போன ஒருவன் வரவேயில்லை.

என்னைக் காப்பாற்ற மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தச் சாக்குக்குள் இருந்தது. அதையும் மச்சான் ஏற்கெனவே வெட்டிவிட்டார்.

போன வாரம் இந்தப் பத்தியில் மாணிக்கக் குழி மோட்டர்களைப் பற்றி எழுதியதைப் படித்த ஒருவர், "இந்த ஆளுக்கு உலகத்தில் எல்லாரோடும் சண்டைதானா?" என்று கேட்டாராம். ஆமாம், எல்லாரோடும்தான். ஆனால் இந்த வாரம் எழுதுவது நன்றி சொல்ல வேண்டியவர்களைப் பற்றி. அவர்களோடும் சண்டை போட்டிருக்கிறேன். அது வேறு விஷயம்.

விறகை யாராவது சட்டியில் வைப்பானா

எங்கள் தோட்டம் கஹவத்தைக்கு மேலே. கீழ் டிவிசன் இறப்பர், மேல் டிவிசன் தேயிலை. எனக்குத் தேயிலை ஃபெக்டரியில் மோட்டர் வைண்டிங் வேலை. எரிந்துபோன மோட்டரைப் பிரித்து, கருகின செப்புக் கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரத்தினபுரிப் பக்கம் போய் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கிற மோட்டர்களையும் பார்ப்பேன்.

அங்கே ஒரு முதலாளி இருந்தார். சிங்களவர். கல் வாங்கி பேங்கொக்கில் விற்கிறவர். ஒருநாள் அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டரைக் கழற்ற மொட்டை மாடிக்கு ஏறினேன். வரிசையாகச் சட்டிகள். சட்டிக்குள் மரங்கள். ஆலமரம் ஒரு முழ உயரத்தில். அதன் பேர் பொன்சாய் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அதில் ஒன்று முக்கால்வாசி செத்த மரம். மேல் கொப்பெல்லாம் பட்டை இல்லாமல் எலும்பு மாதிரி வெள்ளையாக நின்றது. ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு உயிர்ப் பட்டை ஓடி, அதிலிருந்து கொஞ்சம் பச்சை.

"செத்ததை ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அதை வெட்டினால் இது வெறும் செடி. மரம் என்ன பாடுபட்டது என்று அந்தச் செத்த கட்டைதான் சொல்லும்" என்றார்.

எனக்கு அது பிடித்துப்போனது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் டர்பன்டைன் கட்டை ஒன்று இதே மாதிரி இருக்கிறது என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "டர்பன்டைனா? அது விறகு. விறகை யாராவது சட்டியில் வைப்பானா?"

அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் மரம் வளர்த்திருக்க மாட்டேன். அதனால் முதலாளிக்கும் ஒரு நன்றி.

பீலிக்கரையில் ஒரு கட்டை

படித்தவர்கள் யூகலிப்டஸ் என்பார்கள். தோட்டத்தில் அது டர்பன்டைன். ஃபெக்டரி அடுப்புக்கு விறகாக வெள்ளைக்காரத் துரைமார் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. அங்கே அது நாட்டு மரமாம், காடு காடாக நிற்குமாம். எங்களையும் அதே துரைமார்தான் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அதை வைத்துப் பெரிய பேச்சுப் பேச எனக்கு இஷ்டமில்லை. மரம் மரம். ஆள் ஆள்.

நான் சொன்ன கட்டை மேல் டிவிசனில் பாறை இடுக்கில் இருந்தது. வெட்ட வெட்டத் துளிர்த்து, துளிர்த்ததையெல்லாம் விறகுக்காரர்கள் மறுபடி வெட்டி, அடி இஞ்சிக் கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாகப் பருத்திருந்தது. உச்சி பிளந்து காய்ந்து, வெயிலில் சாம்பல் நிறமாகி இரண்டு கொம்பாக நின்றது. ஒரு பக்கத்தில் கையகலப் பட்டை. அதுதான் உயிர்.

தோண்டுவதற்கு மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். மச்சான் என்றால் என் மனைவி பாக்கியத்தின் அண்ணன். மேல் டிவிசன் கவ்வாத்துக் கூட்டத்தில் முதல் ஆள்.

தேயிலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்காலுக்குக் கீழே வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டினால் மட்டும் போதாது. காய்ந்த குச்சி, செத்த கொப்பு, பாசி எல்லாவற்றையும் எடுத்துத் தூரைச் சுத்தமாக்க வேண்டும். செத்தது ஒன்று செடியில் நின்றால் கணக்கப்பிள்ளை அன்றைய சம்பளத்தைப் போட மாட்டார். மச்சான் வாழ்நாள் முழுக்கச் செய்தது அந்த வேலை. பட்ட கொப்பைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது.

"மாப்ள, இத எதுக்குத் தோண்டுற? வெறகுக்கா?"

"சட்டியில வைக்க."

"சட்டியிலயா." அலவாங்கை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பொண்ணு குடுக்கையிலயே எங்கப்பா சொன்னாரு. இந்தப் பயலுக்கு எங்கயோ ஒரு கம்பி லூசுன்னு."

"மோட்டர் சுத்துறவனுக்குக் கம்பி லூசா இருக்காது மச்சான். இறுக்கமாத்தான் இருக்கும்."

"அதான் எல்லாரோடயும் சண்ட போடுற."

ஆணிவேரை அறுத்து, பக்க வேரைக் காப்பாற்றி எடுத்தோம். பழைய தேயிலைப் பெட்டியில் ஆற்று மணலும் செங்கல் சல்லியும் ஃபெக்டரி அடுப்புக் கரியும் போட்டு நட்டேன். டர்பன்டைனுக்குத் தண்ணீர் வேண்டும். என் லயத்து வரிசை வீட்டில் குழாய்த் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் வராது. மச்சான் லயத்துக்குப் பின்னால் மலைத் தண்ணீர் விழுகிற பீலி உண்டு. அதன் கரையிலேயே வைத்தோம். தண்ணீர் ஊற்றும் வேலை மச்சானுக்கு.

ரொம்ப நாளாக ஒன்றும் நடக்கவில்லை. ஈரச் சாக்குப் போர்த்தின கட்டை அப்படியே நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மச்சான் எதிரே வந்தார். "வா, ஒன் வெறகு வெத்தல போட்டிருக்கு." பட்டையைப் பிய்த்துக்கொண்டு சிவப்புச் சிவப்பாகத் துளிர்.

பிறகு வேலை எனக்கு. மோட்டரில் எரிந்த செப்புக் கம்பி நெருப்புப் பட்டு இளகி, நூல் மாதிரி வளையும். இளங்கொப்புகளில் அதைச் சுற்றி, வேண்டிய பக்கம் வளைத்தேன். டர்பன்டைன் வேகமாகப் பருக்கும். கொஞ்சம் அசந்தால் கம்பி பட்டைக்குள் இறங்கித் தழும்பு போட்டுவிடும். நான் அசந்திருக்கிறேன். அந்தத் தழும்புகளைப் பார்த்து அப்போது என்னையே திட்டிக்கொண்டேன்.

செத்த கொம்புகளில் உளுத்ததைச் சுரண்டி, கெட்டியை விட்டு, நெருப்புக் காட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்தேன்.

ஒவ்வொரு முறை போகும்போதும் மச்சான் கேட்பார். "மாப்ள, இந்தக் காஞ்சத மட்டும் எடுத்துறவா?"

"கைய வச்சீங்கன்னா கைய வெட்டிருவேன்."

"ஒரு வெட்டுத்தான். சுத்தமா இருக்கும்."

"மச்சான்."

"சரி, சரி. பாத்தா கை அரிக்குது."

முட்டை அவித்த வாசனை

எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே. செத்த கட்டை மழையில் உளுத்துப்போகாமல், வெள்ளையாக நிற்க ஒரு மருந்து உண்டு என்று முதலாளி சொல்லியிருந்தார். சுண்ணாம்பையும் கந்தகத்தையும் தண்ணீரில் காய்ச்ச வேண்டும். சிவந்த தேத்தண்ணி நிறத்தில் வரும். பூசினால் முதலில் மஞ்சள், காய்ந்தால் வெள்ளை.

கந்தகம் கீழ் டிவிசனில் கிடைத்தது. இறப்பர் மரத்து இலை நோய்க்குத் தூவுகிற தூள். ஸ்டோர்காரர் ஒரு டின் கொடுத்தார். கல் சுண்ணாம்பு கஹவத்தைக் கடையில் வாங்கினேன். லயத்துக்குப் பின்னால் மூன்று கல் வைத்துக் காய்ச்சினேன்.

அந்த நாற்றத்தை எழுத முடியாது. கூழ்முட்டையை நூறாக உடைத்து அடுப்பில் ஊற்றினால் எப்படி இருக்கும்?

பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து சரசக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னா ராசு, முட்ட அவிக்கிறியா, பொணம் அவிக்கிறியா?"

"மரத்துக்கு மருந்து அக்கா."

"மரத்துக்கா. மனுசனுக்கு ஒரு பெனடோல் வாங்க வழியில்ல."

முதல் தடவை காய்ச்சியதைப் போத்தலில் எடுத்துப்போய்க் கொம்புகளுக்குப் பூசினேன். வெள்ளை வெளேர் என்று வந்தது. பீலிக்கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலாளியைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டாம் தடவை காய்ச்சியபோது ஜீப் வந்தது.

யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான். பாக்கியம் விடவில்லை.

அவர்கள் கண்டெடுத்தவை: கந்தகம் ஒரு டின். அடுப்பில் கொதிக்கிற சிவந்த மருந்து. கட்டிலுக்குக் கீழே சுருள் சுருளாகச் செப்புக் கம்பி. கறுப்பும் சிவப்புமாக வயர் தொங்குகிற, மோட்டர் சோதிக்கிற மீட்டர். அதோடு ஒரு தமிழன். அந்தக் காலத்தில் இதைப் பார்த்த எந்தப் பொலிஸ்காரனும் மரம் என்று நினைக்க மாட்டான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் சிங்களத்தில் விளக்கினேன். நான் நன்றாகவே பேசுவேன், குழிக்காரர்களோடு பழகின சிங்களம். "இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய்?" என்று ஒருவன் கேட்டான். பேசத் தெரியாவிட்டாலும் சந்தேகம், தெரிந்தாலும் சந்தேகம்.

பெரிய இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர், சத்தம் போடாதவர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"கம்பி மரத்துக்கு?"

"ஆமாம் மாத்தயா."

"மருந்து செத்த கட்டைக்கு?"

"ஆமாம் மாத்தயா."

"செத்ததற்கு எதற்கு மருந்து?"

பக்கத்திலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்கே என் பேச்சு பொய் மாதிரிக் கேட்டது.

முதலாளியைக் கேட்டுப்பாருங்கள் என்றேன். அவர் வீட்டுக்குப் போன் போட்டார்கள். முதலாளி பேங்கொக்கில். வீட்டில் இருந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. கடைசியாக, மரம் மேல் டிவிசனில் மச்சான் லயத்துப் பீலியில் இருக்கிறது, கம்பி சுற்றி வெள்ளை பூசி இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சொன்னேன்.

"காலையில் ஆள் அனுப்புகிறேன். நீ சொன்ன மாதிரி இருந்தால் பார்ப்போம். இல்லாவிட்டால் பின்னேரம் கொழும்பு."

அவருக்கும் நன்றி. சும்மா இருந்தவனைப் பிடித்ததற்குச் சொல்ல மாட்டேன். ஆள் அனுப்பினாரே, அதற்குச் சொல்கிறேன்.

மச்சான் செய்த சுத்தம்

காலையில் போன கொன்ஸ்டபிள் திரும்பி வந்து, "ஒரு மொட்டைக் கட்டை இருக்கிறது மாத்தயா. நாலு இலை. கம்பியும் இல்லை, வெள்ளையும் இல்லை" என்றான்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். ஒரு ஃபைலை இழுத்து எழுதத் தொடங்கினார்.

நான் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரம் எப்படி மாறும்? பார்க்கப் போனவன் வேறு எதையோ பார்த்துவிட்டான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பாக்கியம் சாப்பாடு கொண்டுவந்தாள். அழுத முகம், ஆனால் கண்ணில் ஒரு தைரியம். கம்பிக்குக் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாள்.

"பயப்படாதீங்க. கம்பி, கந்தகம்னு கேக்குறாங்கன்னு நேத்தே அண்ணன்கிட்ட போயி சொன்னேன். விடிய முன்னயே அண்ணன் எல்லாத்தையும் சுத்தம் பண்ணிருச்சு. கம்பிய உருவி தண்ணி ஓடுற கானுல போட்டுருச்சு. மருந்து மணக்குதுன்னு அந்த வெள்ளக் கட்டையவும் வெட்டிருச்சு. இனி ஒன்னும் அம்புடாது."

தலையில் அடித்துக்கொண்டேன்.

"அடியே, அதுதான்டி சாட்சி."

"என்னாது?"

"அந்தக் கம்பியும் அந்தக் கட்டையும்தான் சாட்சி. அது இருந்திருந்தா இந்நேரம் விட்டிருப்பாங்க."

பாக்கியம் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். திருப்பித் திட்டவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தரையிலேயே வைத்துவிட்டு வெளியே ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. மேல் டிவிசனுக்குப் பஸ் பாதி வழிதான். மீதி ஏற்றம்.

அந்தச் சோற்றை நான் சாப்பிடவில்லை. மச்சானை நினைத்து நினைத்துத் திட்டினேன். செத்த கொப்பைக் கண்டால் கை அரிக்கிற அந்த மனிதருக்கு வெட்ட ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் பயந்த பயத்தை நினைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

மலையில் ஆளுக்கு ஒரு கத்தி

பின்னேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் மச்சான் வந்து வாசலில் நின்றார், தொடக்கத்தில் சொன்ன மாதிரி, சாக்கும் உரப்பையுமாக. பாக்கியம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு.

மச்சானுக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதும். பொலிஸைக் கண்டதும் அதுவும் போய்விட்டது. தமிழில் வாக்குமூலம் எடுக்க ஒரு கொன்ஸ்டபிள் இருந்தார். கிழக்குப் பக்கத்து முஸ்லிம் மனிதர், ஸ்டேஷனுக்குப் புதிது. நல்லவர். காலையில் எனக்குத் தேத்தண்ணி கொடுத்தவர் அவர்தான். ஆனால் தோட்டம் துரவு தெரியாது.

மச்சானை வாங்குப் பலகையில் உட்கார வைத்துக் கேட்டார். கூண்டிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

"என்ன தொழில்?"

"கவ்வாத்துங்க."

பேனா நின்றது. "கவாத்தா?"

"ஆமாங்க."

"எவ்வளவு காலமா?"

"மீச மொளைக்க முன்னயே. எங்கப்பாவும் கவ்வாத்துதான். நல்ல பேரு அவருக்கு."

"வேற ஆக்களுக்கும் பழக்கிக் குடுத்திருக்கீங்களா?"

மச்சானுக்கு அதில் ஒரு பெருமை. பயத்திலும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேல் டிவிசன் பொடியனுங்க பூராவும் நான் பழக்குனவனுங்கதாங்க."

"எங்க வச்சு?"

"மலையிலதான். வெள்ளனயே ஏறிருவோம்."

"ஆயுதம்?"

"கத்திதாங்க. ஆளுக்கு ஒன்னு. தெனமும் தீட்டணும்."

"கத்தி ஆர் தாறது?"

"தொரதான் குடுக்குறாரு."

கொன்ஸ்டபிள் எழுந்தார். முகம் மாறியிருந்தது. இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சிங்களத்தில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இந்த ஆள் மலையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். பரம்பரையாக. ஆயுதம் கொடுப்பது தோட்டத்துத் துரை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்ற இருவர் உள்ளே வந்து மச்சானின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவன் அவரை வாங்கிலிருந்து இறக்கித் தரையில் உட்கார வைத்தான். மச்சான் மரத்தை மட்டும் விடவில்லை. என்னைக் காப்பாற்ற வந்தவர், என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் என்னையே பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பொலிஸ்காரனுக்குத் தமிழில் கவாத்து என்றால் அணிவகுப்பு. துப்பாக்கியைத் தோளில் வைத்து இடம் வலம் திரும்புகிற பயிற்சி. எங்களுக்குக் கவ்வாத்து என்றால் தேயிலை வெட்டுவது. நடுவில் ஒரு எழுத்து. அதில் இரண்டு குடும்பம் கொழும்புக்குப் போகப் பார்த்தது.

"மாத்தயா," என்று கத்தினேன். "கப்பாது. தே கப்பாது."

சிங்களத்தில் தேயிலை வெட்டுவதற்குக் கப்பாது என்பார்கள். எங்கள் சொல்லும் அவர்கள் சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரித்தான் இருக்கும்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். பிறகு மச்சானைப் பார்த்து, "கப்பாதுத?" என்று கேட்டார்.

மச்சானுக்கு அந்தச் சொல் தெரியும். தோட்டத்தில் சிங்கள ஆட்களோடும் வெட்டியிருக்கிறார். "கப்பாது மாத்தயா, கப்பாது" என்றார். சொல்லிக்கொண்டே, மரத்தை மடியில் வைத்துக்கொண்டு, இல்லாத கத்தியால் காற்றில் ஒரு சரிவு வெட்டு வெட்டிக் காட்டினார். அடியிலிருந்து மேலே, ஒரே இழுப்பு.

அந்தக் கை அசைவு பொய் சொல்லாது. இன்ஸ்பெக்டரின் அப்பாவுக்குப் பெல்மதுளைப் பக்கம் ஒரு துண்டுத் தேயிலைக் காணி இருந்ததாம். பின்னால் அவரே சொன்னார். அவர் கொன்ஸ்டபிளை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

கொன்ஸ்டபிள் என் கூண்டுக்கு அருகில் வந்தார். "எனக்குத் தெரிஞ்ச கவாத்து ஒண்டுதான் தம்பி. மனசுல வச்சுக்கொள்ளாதீங்க."

வைத்துக்கொள்ளவில்லை. அவருக்குத்தான் தேத்தண்ணிக் கடன் இருக்கிறது.

பொருந்தியது

சாக்கை அவிழ்த்தார்கள்.

என் மரத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. இரண்டு கொம்பு நின்ற இடத்தில் சரிவாக, வழவழவென்று, ஒரு சிராய் இல்லாமல் ஒரு வெட்டு. தேயிலைத் தூரில் வெட்டுகிற அதே வெட்டு.

மச்சான் உரப்பையைத் தரையில் கொட்டினார். கானிலிருந்து பொறுக்கின செப்புக் கம்பிச் சுருள்கள், சேற்றோடு. வெள்ளைக் கட்டைத் துண்டுகள், விறகுக் குவியலிலிருந்து எடுத்தவை.

இன்ஸ்பெக்டர் என்னை வெளியே விடச் சொன்னார். "செய்து காட்டு."

ஒரு துண்டை எடுத்து வெட்டின் மேல் வைத்தேன். உட்கார்ந்தது. அடுத்ததை அதன் மேல் வைத்தேன். ரேகையோடு ரேகை சேர்ந்தது. பிய்த்திருந்தால் பொருந்தியிருக்காது. ஒரே இழுப்பில் வெட்டினதால் கோடு மட்டும்தான் தெரிந்தது. பிறகு கம்பிச் சுருளை ஒரு கொப்பின் பக்கத்தில் பிடித்தேன். நான் அசந்த நேரத்தில் விழுந்த அந்தத் தழும்புக்குள் கம்பி சுற்றுச் சுற்றாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து மோந்தார். என் வீட்டு அடுப்பிலிருந்து அவர்கள் எடுத்துவந்த மருந்துப் போத்தலைத் திறந்து அதையும் மோந்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஒரு துண்டு குறைகிறதே" என்றார். ஒரு கொம்பின் நுனி இல்லை.

நான் தமிழில் கேட்டேன். மச்சான் தலையைச் சொறிந்தார். "அது அடுப்புக்குள்ள போயிருச்சு மாப்ள. எங்க வீட்டுக்காரி தேத்தண்ணி வச்சிட்டா."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன். இன்னும் வாயில நிக்குது."

சிங்களத்தில் சொன்னதும் ஸ்டேஷன் முழுக்கச் சிரித்தது. முந்தின நாள் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். இந்தச் சிரிப்பு வேறு.

இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடினார். "மரம் பிழைக்குமா?"

"டர்பன்டைன் மாத்தயா. வெட்டினால் வரும்."

முகம்

கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தோம். மரத்துக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது, ஒரு சிங்களப் பெண் நகர்ந்து கொடுத்தார். பாக்கியம் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

பாதி வழியில் மச்சான் கேட்டார். "ஒட்ட வைக்க ஏலாதா மாப்ள?"

"ஏலும்."

"அப்ப ஒட்டு. நான் பிடிக்கிறேன்."

ஒட்டவில்லை. துளையிட்டு ஆணி வைத்தால் நின்றிருக்கும். துண்டுகள் ரொம்ப நாள் என் பெட்டிக்குள் கிடந்தன. ஒவ்வொரு முறை எடுத்துப் பார்க்கும்போதும் வைத்துவிட்டேன். அதற்குள் வெட்டின் ஓரத்தில் பட்டை உருண்டு வரத் தொடங்கியிருந்தது, உதடு மாதிரி. உதட்டுக்குக் கீழே சிவப்புத் துளிர்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலத்தில் முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். பீலிக்கரையில் குந்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். விறகு என்று சொல்லவில்லை.

"நல்ல அடி. நல்ல உயிர்க்கோடு" என்றார். பிறகு அந்த வெட்டைக் காட்டி, "இதைப் பின்பக்கம் திருப்பு. மரத்துக்கு முகம் என்று ஒன்று உண்டு. வெட்டுக் காயத்தை யாரும் முன்னால் வைப்பதில்லை" என்று சொன்னார்.

"இதுதான் முகம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என்னோடு வாதாட முடியாது என்று அவருக்குத் தெரியும். விட்டுவிட்டார்.

இப்போது மரம் என் வீட்டு வாசலில் சீமெந்துத் தட்டில் இருக்கிறது. வெட்டுக்கு நானே வெள்ளை பூசுகிறேன், வருடா வருடம். சரசக்கா இன்னும் மூக்கைப் பொத்துகிறார்.

மச்சானுக்கு முழங்கால் போய்விட்டது. மலைக்குப் போவதில்லை. வந்தால் மரத்துக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்காருவார். இந்தக் கிழமையும் வந்தார். வெட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினார்.

"சுத்தமான வெட்டு" என்றார். "யாரு வெட்டுனது?"

"ஒரு கவ்வாத்துக்காரன்."

"நல்ல கைகாரன்." பிறகு அடியில் மிச்சமிருந்த ஒரு காய்ந்த குச்சியைக் காட்டினார். "மாப்ள, இத மட்டும் எடுத்துறவா?"

கையை வெட்டிருவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து கொடுத்தேன்.